கெபியில் நான் வைத்த கத்தி

தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆண்டவருக்குத் தோத்திரம். மாதாவுக்குத் தோத்திரம். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு மனிதனைக் கொல்ல உதவி செய் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவன் நான். அந்த வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் எத்திராஜ். ஞானஸ்நானத்தில் அந்தோணி. பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கிற ஒரு குப்பம் என் ஊர். இப்போது மைக்கைப் பிடித்திருக்கிற இந்தக் கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் இது சும்மா இருந்ததே இல்லை. டீக்கடையில் அடித்திருக்கிறேன். மீன் ஏலத்தில் அடித்திருக்கிறேன். அம்மன் திருவிழாவில் மேளக்காரனை அடித்திருக்கிறேன். என் மனைவி தேசம்மாவின் மணிக்கட்டை முறித்ததும் இதே கைதான். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு. அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் மீதியும் பொய்யாகிவிடும்.

கட்டுப் போட்ட கையோடு அவள் ஆரம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கை சரியானதும் அங்கே இறால் உரிக்கும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் ஸ்டெல்லா டீச்சர் பழக்கம். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் இறால் உரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், புதிதாக வருகிறவர்களுக்கு ஞான உபதேசம் நடத்துவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தேசம்மா அவரோடு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். நான் கூப்பிடப் போனபோது கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினாள்.

“நீ போயி அந்த கிளாஸ்ல குந்து. இன்னா சொல்றாங்கனு காது குட்த்து கேளு. உன் கை அடங்குச்சுனா அப்பால நான் வர்றேன். சும்மா வாயால அடங்கிட்டேன்னு சொல்லிக்கினு இங்க வராத.”

மனைவி வேண்டுமே. போய் உட்கார்ந்தேன். சிலுவை போடும்போது இடது தோள் முதலா வலது தோள் முதலா என்பதிலேயே எனக்கு ஒரு மாதம் போனது. தேங்காய் கிடையாது, கிடா கிடையாது, பொங்கல் கிடையாது, அப்புறம் இந்தச் சாமிக்கு என்னதான் கொடுப்பது என்று கேட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். செபமாலை மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. வலைக் கண்ணி எண்ணிப் பழகிய விரல்கள் அல்லவா. ஆண்டவர் கற்பித்த செபத்தில் தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வதாக ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். செய்ய மாட்டேன் என்று தெரிந்தும் எதற்குச் சொல்ல வேண்டும்?

இப்படி ஏழெட்டு மாதம் போனபோதுதான் ஐப்பசியில் அந்தப் புயல் வந்தது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்படும் இடங்கள் எல்லாருக்கும் பொது. அதனால் இன்ன நாள் இன்ன ஊர் என்று முறை வைத்துக்கொண்டுதான் சுத்து வலை கட்டுவோம். தண்ணீரில் கம்புகளை ஊன்றி, அவற்றைச் சுற்றி வலையைக் கட்டுவதுதான் சுத்து வலை. ஓர் ஊரின் முறை நாளில் புயல் அடித்துப் படகு இறங்க முடியாமல் போனால், அந்த நாள் வீணாகாது. புயல் அடங்கியதும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் காற்று அடங்கிய பிறகும் அவர்களாக இறங்காமல் இருந்தால் முறை போச்சு, அடுத்த ஊர் இறங்கலாம். காற்று அடங்கியதா இல்லையா என்று போய்ப் பார்த்து வந்து சொல்ல ஊருக்கு ஓர் ஆள். எங்கள் ஊருக்கு நான். பக்கத்துக் குப்பத்துக்குக் கன்னியப்பன்.

அந்தப் புயல் அவர்கள் முறையில் விழுந்தது. புயல் முடிந்த முதல் நாள் முகத்துவாரத்தில் இறால் குவியும், எல்லாருக்கும் தெரியும். நான் படகை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் சொன்னேன்: “காத்து நேத்தே அடங்கிடுச்சு. அவனுங்கதான் எறங்கல. அவங்க முறை போச்சு, நம்மள்து வந்துடுச்சு.” என் பேச்சை நம்பி ஊரே வலை தூக்கியது.

மறுநாள் பொழுது விடியும்போது எட்டுப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பு ஊன்றிக்கொண்டிருந்தோம். என் தம்பி சேகர் எனக்குப் பக்கத்தில். தெற்கே இருந்து நாலு படகு வந்தது. படகு வருவதற்கு முன்னால் கூச்சல் வந்தது.

“எவன் முறையிலடா கம்பு ஊன்ற, பேமானி? புடுங்குடா!”

“உங்க முறை போயி ஒரு நாளாச்சு. வூட்டுல போத்திக்கினு பட்த்துட்டு இப்ப வந்து கூவுறியா?” என்று கத்தியது நான்தான்.

அதற்கு மேல் பேச்சு இல்லை. ஊன்றிய கம்பைப் பிடுங்கி அதாலேயே அடித்தார்கள். நாங்களும் அடித்தோம். துடுப்பு வீச்சில் ஒருவனுக்கு முன்பல் நாலும் போனது. எங்கள் ஆள் ஒருவனைக் கழுத்தில் கயிற்றைப் போட்டுப் படகோடு இழுத்தார்கள். நான் ஒருவனுடைய முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். அவன் கால் உதைத்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். உதைப்பது குறைந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. யாரோ என் முதுகில் துடுப்பால் ஓங்கி அடித்ததால்தான் பிடி விட்டது. அவன் இன்று உயிரோடு இருப்பது என் நல்ல மனசால் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். படகின் மேல் கன்னியப்பன் நின்றிருந்தான். படகு தள்ளும் நீளக் கழி அவன் கையில். அது சேகரின் தலையில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். சேகர் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்தான், உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் சிவப்பாகிக்கொண்டே வந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய். கூப்பிட்டால் அசைவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது வந்து, “சித்தப்பா, இல்ல இல்ல, பெரிப்பா, நைனா எப்ப எய்ந்திரிப்பாரு?” என்று கேட்டது. அழுகிற அழுகையில் அதற்கு முறையே மறந்துபோயிருந்தது. நான் வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரில் என் கையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. வலிக்கவில்லை. கன்னியப்பனைக் கொல்லாமல் நான் சாப்பிடும் சோறு சோறில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் ஒருவனைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவானால், கத்தியைத் தீட்டி, முனையில் எலுமிச்சம்பழம் குத்தி, குங்குமம் வைத்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் அம்மன் உத்தரவு கொடுத்த மாதிரி. எங்கள் அம்மன் கோயிலில் வைத்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் போலீசுக்குத் தெரியும். இரண்டு ஊரிலும் அப்போது போலீஸ் நின்றது, யாரும் அந்த இடத்தில் வலை போடக்கூடாது என்று தடை. மாதா கோயில் வாசலில், குகை மாதிரி கட்டி மாதாவை வைத்திருக்கிற கெபியில் வைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா என்றால் எல்லா அம்மாவும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன். புதிதாக வந்தவன் புத்தி அப்படி. மெழுகுவர்த்தித் தட்டுக்குக் கீழே என் மீன் வெட்டும் கத்தியை எலுமிச்சம்பழத்தோடு வைத்து முழங்கால் போட்டேன். “தாயே, அவன என் கையில குடு. வேற ஒண்ணும் வாணாம். அவன என் கையில குடு.” தம்பி பிழைக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனால் டீச்சர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணே, இது உன்னுதுதானே?”

“ஆமா டீச்சர்.”

“இன்னாத்துக்கு வெச்ச?”

“என் தம்பிய அட்ச்சவன் என் கையில கெடைக்கணும். அதுக்கு.”

கத்தப்போகிறார், கோயில் பக்கம் வராதே என்று துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எலுமிச்சம்பழத்தை உருவி, என் கத்தியாலேயே இரண்டாக நறுக்கி, உப்புப் போட்டு ஜூஸ் பிழிந்தார். எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர். பிறகுதான் பேசினார்.

“மாதாவோட புள்ளைய அட்ச்சே கொன்னாங்கண்ணே. இவங்க பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தாங்க. அவங்ககிட்ட போயி இத கேட்டு வெச்சிருக்க. சரி, கேட்டுட்ட. இன்னா தர்றாங்களோ அத வாங்கிக்க.” கத்தியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பாடம் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன கதை. பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன் காதை, ஆண்டவர் கூட இருந்த ஒரு மீன்பிடிக்கிறவர் வெட்டிவிட்டார் என்றார் டீச்சர். “சபாஷ்! நம்ம ஆளு!” என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்து, ஆண்டவர் அந்தக் காதைத் தொட்டுச் சரியாக்கினார் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “தன்ன இஸ்துக்கினு போவ வந்தவன் காதையா? இன்னா சாமி டீச்சர் இது?” என்று கத்தினேன். இந்த இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தையும் ஒன்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம். படகில் நான் மட்டும். வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. முகத்துவாரத்தை ஒட்டி வரும்போது ஒரு படகு கவிழ்ந்து மிதந்தது. கொஞ்சம் தள்ளி, சண்டை நாளில் நாங்கள் ஊன்றிய கம்புகளில் பிடுங்கியது போக மிச்சம் நின்றன. மழை வெள்ளத்தில் அங்கே இப்போது ஆள் மூழ்கும் ஆழம். அவிழ்ந்த வலை தண்ணீருக்குள் கிடந்தது. அந்தக் கம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தலை.

“யாருபா அது? கால் மாட்டிக்கிச்சுபா! கை குடுபா!”

கிட்டே போனேன். கன்னியப்பன். அவனும் என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அவன் கால் எங்கள் வலையில் சிக்கியிருந்தது. வடியும் தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்தது. ஒவ்வோர் அலைக்கும் தலை உள்ளே போய் வந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. மாதாவிடம் நான் கேட்டது இதுதான். கேட்டபடியே, துளி குறையாமல், என் கையில்.

இங்கே நான் உடனே மனம் மாறினேன் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. துடுப்பை எடுத்து அவன் தோளில் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். காறை எலும்பு முறிந்த சத்தம் காற்றிலும் கேட்டது. கம்பை விட்டுவிட்டான். தண்ணீருக்குள் போனான். மேலே வந்தான். ஒற்றைக் கையால் கம்பைப் பிடித்தான். அடுத்த அடியைத் தலையில் போடத் துடுப்பை ஓங்கினேன்.

அவன் கெஞ்சவில்லை. உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்டான்:

“அட்ச்சுக்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டு அடி. அன்னிக்கு காத்து அடங்குச்சா? நீ கண்ணால பாத்தியா? அடங்கலனு நான் சொன்னதுக்கு எங்க ஊருல என்ன சோம்பேறினு துப்புறாங்க. நீ தூங்கிட்டு முறைய தொலைச்சிட்டேன்றாங்க. மெய்யா சொல்லு எத்திராஜு. காத்து அடங்குச்சா?”

சாகப்போகிறவன் கேட்கிற கேள்வியா இது? ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. ஏனென்றால் காற்று அடங்கவில்லை. அன்றைக்கு நான் முகத்துவாரம் வரைக்கும் போகவே இல்லை. பாதி வழியில் அலை படகுக்குள் ஏறியது, பயந்து திரும்பிவிட்டேன். வந்து அடங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். முதல் நாள் இறால் எங்கள் வலையில் விழ வேண்டும் என்ற ஒரே ஆசை. முறை அவர்களுடையது. சேகரின் மண்டை உடைந்தது கன்னியப்பன் கழியால் என்றால், அந்தக் கழிக்கு முன்னால் சேகரைக் கொண்டுபோய் நிறுத்தியது என் நாக்கு. அது எனக்கு அத்தனை நாளும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாதாவிடம் போய்க் கத்தியை வைத்தேன்.

“அடங்கல,” என்றேன். “நான் அங்க வரவே இல்ல. பொய் சொன்னேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “அது போதும்,” என்றான். கம்பைப் பிடித்திருந்த கை வழுக்கியது.

நான் குதித்தேன். இடுப்பில் அதே கத்தி. தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை, தடவித் தடவித்தான் அறுத்தேன். நைலான் கயிறு கணுக்காலில் இறுகிச் சதைக்குள் போயிருந்தது. கயிற்றோடு சேர்த்து அவன் சதையையும் அறுத்துவிட்டேன். மேலே வந்து மூச்சு எடுத்து, மறுபடி போய் அறுத்தேன். மூன்றாம் தடவை அறுந்தது. முடியைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டேன். மூச்சு இல்லை. குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன். “எய்ந்திரிடா, எய்ந்திரிடா கஸ்மாலம்!” என்று அழுதுகொண்டே அடித்தேன். மனுசனைப் பிழைக்க வைக்க இந்தக் கை அடித்தது அதுதான் முதல் தடவை. வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்தான். கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அதே நாளில் என் தம்பியும் கண் திறந்தான் என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும். இல்லை, இன்னும் ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் கெபியில் கத்தி இல்லாமல், எலுமிச்சம்பழம் இல்லாமல், வெறும் முழங்காலோடு இருந்தேன். இந்தத் தடவை தம்பிக்காகக் கேட்டேன். ஒன்பதாம் நாள் கண் திறந்து, “அண்ணே, தண்ணி,” என்றான். இன்றும் பேச்சு கொஞ்சம் குழறும், வலது கால் இழுக்கும். ஆனால் அவன் சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவன்தான். அவனிடமும் உண்மையைச் சொன்னேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான்.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. தண்ணீரில் கன்னியப்பனிடம் சொன்னது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஊர் அவனை இன்னும் துப்பிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் போய்க் கேட்டேன்: “ஞானஸ்நானம் வாங்குனா எல்லா பாவமும் போயிடும்னீங்களே. அப்ப ஊருல சொல்லணுமா?” அவர் இறால் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: “உன் பாவம் போயிடும்ணே. அந்தாள் மேல இருக்கற கெட்ட பேரு எப்பிடி போவும்?”

தை மாதம் இரண்டு ஊரும் பாடு பேசக் கூடியது. போலீஸ் நடுவில் நின்றது. நான் எழுந்து எல்லார் முன்னாலும் சொன்னேன். காத்து அடங்கவில்லை, முறை அவர்களுடையது, கன்னியப்பன் சொன்னதுதான் சரி, ரத்தம் எல்லாம் என் பொய்யால். சொல்லும்போது என் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவன் செருப்பை எறிந்தான்.

தோளில் கட்டோடு கன்னியப்பன் எழுந்து வந்தான். கட்டிப்பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். நல்ல கையை ஓங்கி என் இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டான். அப்படி ஓர் அறை நான் வாங்கியதே இல்லை. கண் இருட்டியது. காதில் இருந்து சூடாக ரத்தம் வழிந்தது. இரண்டு ஊரும் என் கையைப் பார்த்தது. எத்திராஜை அடித்துவிட்டு முழுசாகத் திரும்பிப் போனவன் யாரும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கை எழும்பப்போகிறது என்று நானே பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழும்பவில்லை. தொங்கியது. நான் பிடித்து வைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அதுவாக, தூங்குகிற பிள்ளை மாதிரி, சும்மா இருந்தது. கெபியில் நான் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே மண்ணில் முழங்கால் போட்டேன். எல்லாரும் கன்னியப்பனுக்காக முழங்கால் போட்டேன் என்று நினைத்தார்கள்.

எங்கள் ஊர் அவர்கள் முறையைத் திருப்பிக் கொடுத்தது. என்னை ஒரு வருடம் பாடு இறங்கவிடாமல் விலக்கி வைத்தார்கள், சரி என்றேன். ஆரம்பாக்கம் போய் ஜன்னல் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். தேசம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“உன் கை இன்னா பண்ணுச்சு?”

“கம்முனு இருந்துச்சு.”

கதவைத் திறந்தாள். என் காதைப் பார்த்தாள். “நல்லா வெச்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதமே எனக்கும் அவளுக்கும் ஞானஸ்நானம். கன்னியப்பன் எங்கள் மதம் இல்லை. வந்து கோயில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான். இன்று ஏரியில் எதிரெதிரே வந்தால் “இன்னா எத்திராஜு” என்பான். நானும் “இன்னா கன்னியப்பா” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. செபத்தில் நான் வாயை மூடிக்கொண்ட அந்த வரியை இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லும்போது முதலில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களின் முகங்கள்தான் வருகின்றன.

என்னைப் போலப் புதிதாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சிலுவை போடத் தெரியவில்லை என்று பயப்படாதீர்கள். மனதில் இருக்கிற அசிங்கம் எதுவோ அதையே கொண்டுபோய் அவள் காலடியில் வையுங்கள், கத்தியாக இருந்தாலும் வையுங்கள். துரத்த மாட்டாள். நீங்கள் கேட்டதைக் கொடுப்பாளா தெரியாது. உங்களை விடமாட்டாள், அது எனக்குத் தெரியும்.

கன்னியப்பன் விட்ட அந்த அறையில் என் இடது காதுச் சவ்வு கிழிந்துபோனது. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்குள் கொஞ்ச நேரம் நின்று ரீங்காரம் போடும். வைத்தியம் பார்த்துக்கொள் என்று தேசம்மா திட்டுகிறாள். நான் போகவில்லை. பூசையில் அப்பத்தில் இருக்கிற ஆண்டவரை உயர்த்திக் காட்டும்போது மணி அடிப்பார்கள் இல்லையா, உங்கள் எல்லாருக்கும் அது நின்ற பிறகும் எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.